உபயமும் வரியும்: ஊர் மலர்களில் இல்லாத பிரதேச சபை

1

கவிதைத் தொகுதிகளுக்கு விமர்சனம் எழுதுகிறோம். மொழிபெயர்ப்புகளை வரிவரியாகப் பிரித்துச் சண்டை பிடிக்கிறோம். ஆனால் ரொரன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் ஊர்ச் சங்கங்கள் வெளியிடும் மலர்களை எவரும் விமர்சனத்துக்கு எடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. விழா மண்டப வாசலில் கையில் திணிக்கப்படும் அச்சுப்பண்டம் என்று ஒதுக்கிவிடுகிறோம். எமது சமூகம் தனது ஊரை எவ்வாறு கற்பனை செய்கிறது, எதை ஞாபகத்தில் வைத்திருக்க விரும்புகிறது, எதைப் பேசாமல் விட விரும்புகிறது என்பதை அறிய இவற்றைவிட நல்ல ஆவணம் கிடையாது. நாவலாசிரியனுக்கு வாசகன் மீது ஒரு கண் இருக்கும். மலர்க் குழுவுக்கு அந்தக் கூச்சம் இல்லை.

சார்ஜாவின் கைத்தொழிற் பகுதியில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கும் இம்மலர்கள் வந்து சேருகின்றன. விடுமுறையில் போய்வருபவர்கள் மிளகாய்த்தூளோடும் பனாட்டோடும் இவற்றையும் கொண்டுவருவார்கள். வலிகாமம், வடமராட்சி, தீவகம் என்று ஒரு டசின் மலர்களையாவது கடந்த சில வருடங்களில் வாசித்திருப்பேன். அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். முதலில் ஆசிச் செய்திகள். பின்னர் ஆலய வரலாறு, பாடசாலை வரலாறு, அதிபர்மாரின் படங்கள், 'எமதூர்ப் பெரியார்கள்'. அதற்கப்பால் சங்கத்தின் பணிகள்: இன்ன ஒழுங்கைக்குக் கொங்கிறீற், இன்ன சந்திக்கு மின்விளக்கு, சனசமூக நிலையத்துக்குக் கூரை, சுடலைக்கு மதில். கடைசிப் பக்கங்களில் நிதி தந்தோர் பட்டியல். பவுணும் யூரோவும் டொலரும் முன்னுக்கு நிற்கும். எங்களுடைய திர்ஹாமும் ரியாலும் அடிவரிசையில்.

இத்தனை பக்கங்களிலும் ஒரு பெயரை மட்டும் காண்பது அரிது: பிரதேச சபை. அந்த ஒழுங்கை யாருக்குச் சொந்தம், சந்தி விளக்கு பழுதானால் யார் மாற்றவேண்டும், அந்தச் சுடலை யாருடைய பொறுப்பில் உள்ளது என்ற கேள்விகளுக்கு மலர்களில் இடமில்லை. தவிசாளர் எங்காவது தோன்றினால் அது வாழ்த்துச் செய்தியோடு சரி.

இதை மலர்க் குழுவினரின் கவனக்குறைவு என்று நான் கொள்ளவில்லை. ஊர் என்பது கொடையால் ஆனது, கொடையாளர்களின் வரலாறே ஊரின் வரலாறு என்ற ஒரு கருத்தியல் இங்கே தொழிற்படுகிறது. அக்கருத்தியலுக்கு ஊர்ச் சங்கங்கள் மட்டும் பொறுப்பல்ல. நாற்பது வருடமாகச் சுயநிர்ணயத்தையும் சமஷ்டியையும் விவாதித்துவந்த எமது சஞ்சிகைகளில் வெள்ளவாய்க்கால் பற்றி எத்தனை கட்டுரைகள் வந்தன?

2

எமது தாய் தகப்பனின் பேச்சில் 'வீ.சி.' என்று ஒன்று இருந்தது. வீ.சி. றோட்டு, வீ.சி. கிணறு, வீ.சி. சந்தை. கொலனித்துவ அரசின் 1871ஆம் ஆண்டுக் கிராமச் சமூகங்கள் கட்டளைச் சட்டத்தோடு தொடங்கி, இருபதாம் நூற்றாண்டில் தேர்தலுக்கு உட்பட்டு வளர்ந்த கிராம சபைகளே அவை. 1980ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அபிவிருத்திச் சபைகள் சட்டம் கிராம சபைகளையும் பட்டின சபைகளையும் இல்லாமலாக்கியது. அவற்றின் இடத்துக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைக் கொண்டுவந்தது. ஆனால் யாழ் குடாநாட்டில் அச்சபைகளுக்கு முதற் தேர்தல் நடந்தது 1998 ஜனவரியில். ஆக, கிராம மட்டத்தில் பதினேழு வருட வெற்றிடம். ஒரு தலைமுறை, 'சபை' என்ற ஒன்று ஊரில் இருந்ததே தெரியாமல் வளர்ந்து புலம்பெயர்ந்தது. மலர்களை இன்று தொகுப்பவர்களில் பலர் அத்தலைமுறையினர்.

பழைய கிராம சபைகளைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. வேளாள மேலாதிக்கத்தின் கருவியாக அவை பெரும்பாலும் இயங்கின. எந்த ஒழுங்கைக்கு மக்கி போடுவது, எந்தக் குறிச்சிக்குக் கிணறு வெட்டுவது என்பதைச் சாதி தீர்மானித்தது. குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை, கிணறே எல்லாம். கிணற்றை மறுப்பது உயிரை மறுப்பதாக இருந்தது. கே. டானியல் 'தண்ணீர்' என்று ஒரு நாவலுக்கே பெயர் வைத்தது வீணாக அல்ல. ஆயினும் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். தனியார் வளவுக் கிணற்றில் தண்ணீர் மறுக்கப்பட்டபோது 'என்ரை கிணறு' என்ற ஒரு சொல்லோடு வழக்கு முடிந்தது. வீ.சி. கிணற்றில் மறுக்கப்பட்டபோது அது பொது அநீதியாயிற்று. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் வந்தபோது அது பிடித்துக்கொள்ள ஒரு 'பொது' இருந்தது. அந்தப் பொதுவின் ஊர் மட்ட வடிவம், எவ்வளவு ஊனமாக இருந்தாலும், சபைதான்.

தேசியவாத அரசியல் இந்த 'பொது'வை எவ்வாறு நடத்தியது? யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1981 மே 31 இரவு தொடங்கிய எரிப்பில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. இனத்தின் அறிவுச் சொத்து என்று வருடந்தோறும் அதை நினைவுகூருகிறோம், சரி. ஆனால் அது ஓர் உள்ளூராட்சிச் சபையின் நூலகம் என்பதை யார் சொல்கிறோம்? 1930களில் க. மு. செல்லப்பா தொடக்கிய சிறு முயற்சியை நகரத்தின் சபை பொறுப்பேற்று வளர்த்தது. 1959இல் புதிய கட்டடம் மாநகர சபையின் நூலகமாகத் திறக்கப்பட்டது. அப்போது மேயராக இருந்தவர் அல்பிரட் துரையப்பா. 1975 யூலை 27 அன்று, மீண்டும் மேயராக இருந்த நிலையில், பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோவிலடியில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். 1998இல் தேர்தல் வந்ததும் மேயரான சரோஜினி யோகேஸ்வரன் அவ்வருடம் மே மாதத்திலும், அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் செப்டெம்பரிலும் கொல்லப்பட்டார்கள். திருத்தியமைத்த நூலகத்தை 2003 பெப்ரவரியில் மாநகர சபை திறக்க முயன்றபோது புலிகள் எதிர்த்தனர், திறப்பு நின்றது, மேயர் செல்லன் கந்தையனும் சபை உறுப்பினர்களும் பதவி விலகினர்.

ஒரே நகரத்தின் மூன்று மேயர்கள். துரையப்பாவின் அரசியலை நான் இங்கு ஆதரிக்கவுமில்லை, எதிர்க்கவுமில்லை. சந்தையும் வடிகாலும் நூலகமும் பார்க்கின்ற ஒரு பதவி, 'பெரிய' அரசியலின் பார்வையில் துரோகத்தின் இருப்பிடமாக மட்டுமே தெரிந்தது என்பதைச் சொல்கிறேன். அரசும் அதே பார்வையோடுதான் இருந்தது. கொழும்புக்குச் சபைகள் கட்சிக்காரரை அமர்த்தும் கதிரைகள். இரு பக்கத்தாலும் இகழப்பட்ட நிறுவனத்தை மலர்க் குழு மறந்ததில் வியப்பென்ன?

3

இங்கிருந்து பார்க்கும்போது இந்த மறதிக்கு இன்னொரு அர்த்தம் தெரிகிறது. விரிவுரை மண்டபத்தில் நின்ற காலத்தில் வாடகை அரசு என்ற கோட்பாட்டைப் புத்தகத்தில் மட்டும் கண்டிருந்தேன். ஈரானை வைத்து ஹுசைன் மஹ்தவி 1970இல் அதை எழுதினார். ஹாசிம் பெப்லாவியும் ஜியாகொமோ லூசியானியும் 1987இல் அரபு நாடுகளுக்கு விரித்தனர். சாரம் எளிது. எண்ணெய் வருமானத்தில் வாழும் அரசு குடிகளிடம் வரி வாங்கத் தேவையில்லை. வரி வாங்காத அரசு கணக்குக் காட்டவும் தேவையில்லை. அது கொடுக்கும், குடிகள் நன்றி சொல்வார்கள்.

வளைகுடாவில் உள்ளூராட்சி இல்லையென்றல்ல. கட்டாரில் 29 உறுப்பினர் கொண்ட மத்திய மாநகர சபைக்கு 1999இல் தேர்தல் நடந்தது, பெண்களும் வாக்களித்தனர். பஹ்ரேனில் 2002இல் மாநகர சபைத் தேர்தல்கள் வந்தன. குவைத்தின் சபை அவற்றிலும் பழையது. ஆனால் இந்நகரங்களின் சனத்தொகையில் பெரும்பங்கான எங்களுக்கு அவற்றில் இடமில்லை. வாக்குமில்லை, மனுக்கொடுக்க ஓர் உறுப்பினருமில்லை.

2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு இராச்சியத்தில், 1949இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து கண்டிராத மழை பெய்தது. அல் ஐன் பக்கத்தில் ஓரிடத்தில் 254.8 மில்லிமீற்றர். சார்ஜாவின் சில பகுதிகளில் தண்ணீர் நாட்கணக்கில் நின்றது. காம்புகளில் தரைமட்டத்துக் கட்டிலில் படுப்பவன் மேல் கட்டிலுக்கு ஏறினான். பின்னர் டுபாயில் 30 பில்லியன் திர்ஹாம் செலவில் ஒரு பெரும் வடிகால் திட்டம் அறிவிக்கப்பட்டது. நல்ல திட்டம்; தேவையானது. ஆனால் எந்தத் தெருவுக்கு முதலில் என்று கேட்க எங்களுக்கு ஓர் இடமில்லை. கொடை வரும்போது வரும். வராதபோது வரவில்லை.

வரி கட்டினால் உரிமை தானாக வரும் என்று இதிலிருந்து ஒருவர் முடிவெடுக்கக்கூடாது. 2018 ஜனவரியிலிருந்து இங்கு வாங்கும் தேயிலைக்கும் சவர்க்காரத்துக்கும் ஐந்து வீத பெறுமதிசேர் வரி கட்டுகிறேன். டுபாயில் வாடகைக்கு இருப்பவர் வருட வாடகையில் ஐந்து வீதத்தை மாநகர சபைக்கு வீட்டுக் கட்டணமாகக் கொடுக்கிறார். இதனால் எவருக்கும் வாக்கு வந்துவிடவில்லை. வரியோடு கேட்குமிடமும் வேண்டும். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போதுதான் அதற்கு உள்ளூராட்சி என்று பெயர்.

இப்போது ஊருக்குத் திரும்புவோம். எண்ணெய்க் கிணற்றுக்குப் பதிலாக எமது ஊர்களுக்கு நாம் இருக்கிறோம். மாதாமாதம் போகும் பணம் ஊரின் எண்ணெய். அதில் ஒழுங்கை போடப்படுகிறது, விளக்கு எரிகிறது, வாசிகசாலைக்கு வர்ணம் பூசப்படுகிறது. சோலைவரி வருடத்துக்குச் சில நூறு ரூபாவாகக் கிடந்தாலும் கட்டுவதில் ஊக்கமில்லை, அறவிடுவதில் சபைக்கும் ஊக்கமில்லை. ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதி மேலிருந்து மானியமாக வருகிறது. குடிகளிடம் வாங்காத சபை, குடிகளுக்குக் கணக்குச் சொல்லாத சபையாகிறது. வாடகை அரசு என்று புத்தகத்தில் படித்ததன் சின்ன வடிவத்தை வலிகாமத்தில் ஒரு வாடகைக் கிராமமாக நாமே கட்டிக்கொண்டிருக்கிறோம்.

4

உபயத்தால் என்ன கெட்டுவிட்டது, றோட்டு வந்ததுதானே என்று நண்பர்கள் கேட்பார்கள். எனது ஊரிலிருந்தே ஒரு சின்ன உதாரணம். மேட்டுப்பக்கத்து ஒழுங்கை ஒன்றுக்கு வெளிநாட்டுப் பணத்தில் கொங்கிறீற் போட்டார்கள். பழைய மண் ஒழுங்கையை விட ஓர் அடி உயரம். இரு கரையிலும் மதில்கள் எழும்பின. பழைய வெள்ளவாய்க்கால் மதிலுக்குள் போயிற்று. மதகு இருந்த இடத்தில் ஒரு கேற். அடுத்த மாரியில் மேட்டுத் தண்ணீர் முழுவதும் தாழ்வில் உள்ள குடியிருப்புக்குள் இறங்கியது. தாழ்வில் யார் இருக்கிறார்கள் என்பதை யாழ்ப்பாணத்தைத் தெரிந்தவருக்கு விளக்கத் தேவையில்லை. அவர்கள் யாரிடம் முறையிடுவது? சங்கத்திடமா? சங்கம் இருப்பது ஐரோப்பாவில். கொடையாளியிடமா? அவர் தன் பணத்தில் தன் ஒழுங்கைக்குத்தான் செய்தார். ஒருவரிடமும் தீய எண்ணமில்லை. அதுதான் சிக்கல். தண்ணீர் எங்கே போகும் என்று கேட்கக் கடமைப்பட்ட ஒருவர் அந்த ஏற்பாட்டில் இல்லை. கொடை ஒரு வளவைப் பார்க்கும். தண்ணீரோ ஊர் முழுவதையும் பார்த்து ஓடும்.

கொடையால் தீர்க்கவே முடியாத விடயங்களும் உண்டு. 2017இல் புத்தூர் கலைமதி கிராம மக்கள், தமது வீடுகளுக்கு நடுவே உள்ள கிந்துசிட்டி மயானத்தை அகற்றக் கோரி மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கலைமதி ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பு. கைதுகளும் வழக்குகளும் நடந்தன. எந்த ஊர்ச் சங்கத்தின் நிதியாலும் இது தீராது. மயானத்துக்கு மதில் கட்டிக் கொடுக்க உபயகாரர் கிடைப்பார். குடிமனைக்குள் பிணம் எரிப்பது சரியா என்ற கேள்விக்கு உபயகாரர் கிடையாது. அது ஒரு சபையின் மேசையில், எல்லாக் குறிச்சிகளின் பிரதிநிதிகளும் இருந்து, தீர்மானமாக எடுக்கவேண்டிய விடயம். ஆனால் அந்த 2017இல் அப்படியொரு மேசையே இருக்கவில்லை. 2011இல் தெரிவான சபைகளின் காலம் 2015இல் முடிந்தது. அடுத்த தேர்தல் 2018 பெப்ரவரியில்தான் நடந்தது. மாகாண சபை இருந்தது, முதலமைச்சர் இருந்தார், இனப்படுகொலைத் தீர்மானம் இருந்தது. புத்தூரில் சுடலையைப் பற்றிப் பேச ஒரு தெரிவான உறுப்பினர் இல்லை.

அதே கதை திரும்பவும் நடந்தது. 2018 சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அம்மாதம் நடக்கவிருந்த தேர்தல், திறைசேரி பணம் விடுவிக்காததால் நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6 அன்றுதான் நடந்தது. இந்த இடைவெளிக்குள், 2024 நவம்பர் கடைசியில் குடாநாடு வெள்ளத்தில் மூழ்கியது. அதன் பின்னால் எலிக்காய்ச்சல் வந்து உயிர்களைக் கொண்டுபோனது. ஏப்ரலில் சார்ஜாவில் முழங்காலளவு தண்ணீரில் நின்ற நானும், நவம்பரில் ஊரில் முழங்காலளவு தண்ணீரில் நின்ற என் உறவினரும் ஒரே நிலையில்தான் இருந்தோம்: வாய்க்காலைப் பற்றிக் கேட்க இருவருக்கும் தெரிவான ஆள் இல்லை. எனக்கு அது விசாவின் நிபந்தனை. அவருக்கு அது பறிக்கப்பட்ட உரிமை. அப்பறிப்பு நடந்த இரண்டு வருடங்களில் எமது சஞ்சிகைகளில் ஒரு கண்டனமாவது வந்ததா? நான் காணவில்லை.

5

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாதவையல்ல. சபைகளுக்கு அதிகாரம் இல்லை என்பது முதலாவது. உண்மைதான். ஏ, பீ தர வீதிகள் மத்தியின் அதிகார சபைக்கு. சீ, டீ தரம் மாகாணத்துக்கு. மீந்த ஒழுங்கைகள்தான் சபைக்கு. ஆனால் ஏழையின் வீடு அந்த மீந்த ஒழுங்கையில்தான் இருக்கிறது. பொதுச் சுகாதாரம், பொதுப்பயன்பாட்டுச் சேவை, பொது வழி ஆகிய மூன்றும் பிரதேச சபையின் கடமை என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இந்த மூன்றும் சின்ன விடயங்கள் என்று மாடியில் இருப்பவருக்கு மட்டுமே தோன்றும்.

சபைகள் கட்சிச் சண்டைக் களங்கள் என்பது இரண்டாவது. இதுவும் உண்மை. 2018இல் வந்த கலப்புத் தேர்தல் முறையால் பல சபைகளில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் தவிசாளர் கதிரைக்கான இழுபறிகள் தொடருகின்றன. அதே தேர்தலில்தான் நூற்றுக்கு 25 பெண்கள் என்ற ஒதுக்கீடும் நடைமுறைக்கு வந்தது. தண்ணீரைச் சுமக்கிறவர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசும் மேசைக்கு வந்தார்கள். சண்டை பகிரங்கமாக நடக்கிறது என்பது சபையின் குறையல்ல. ஊர்ச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் சண்டை இல்லையா? அது மூடிய அறையில் நடக்கிறது. தாழ்வில் இருப்பவருக்கு அந்த அறைக்குள் இருக்கையில்லை.

மூன்றாவது, தேசியப் பிரச்சினை தீராமல் வாய்க்காலைப் பேசுவது திசைதிருப்பல் என்பது. இந்த வாதத்துக்கு ஸ்கண்டிநேவியாவில் இருக்கும் நண்பர்களே பதில் சொல்லவேண்டும். சுவீடன் 1976இலும் டென்மார்க் 1981இலும் நோர்வே 1983இலும், சில வருடம் வாழ்ந்த அந்நியருக்கு உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குரிமை வழங்கின. அகதியாகப் போன எத்தனையோ பேர் தமது வாழ்க்கையில் முதன்முதலாக, அச்சமின்றி, ஒரு நகர சபைக்கு வாக்களித்தது அங்கேதான். 2006இல் மார்க்கம் நகர சபைக்கு லோகன் கணபதி தெரிவானதையும், 2015இல் ஒஸ்லோவின் துணை மேயராக ஹம்சாயினி குணரத்தினம் வந்ததையும் எமது ஊடகங்கள் இனத்தின் வெற்றியாகக் கொண்டாடின. மார்க்கத்தில் வடிகால் பேசுவது வெற்றி, வலிகாமத்தில் வடிகால் பேசுவது திசைதிருப்பல் என்றால் அந்தத் தர்க்கம் எனக்கு விளங்கவில்லை.

பணம் அனுப்புவதை நிறுத்தச் சொல்லவில்லை. அனுப்பும் முறையை மாற்றச் சொல்கிறேன். ஒழுங்கைக்குக் காசு சேர்க்கும் சங்கம், அந்த ஒழுங்கையின் தண்ணீர் எங்கே போகிறது என்று சபையிடம் எழுத்தில் கேட்கட்டும். தாழ்வில் இருப்பவர்களின் ஒப்புதல் இல்லாமல் ஒரு மூட்டை சீமெந்தும் இறக்கவேண்டாம். செலவில் ஒரு பங்கைச் சபையே தனது வரியிலிருந்து போடவேண்டும் என்று நிபந்தனை வைக்கட்டும். அப்போதுதான் அடுத்த வருடம் அதைத் திருத்தும் கடமையும் சபைக்கு இருக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கனடாக் கடவுச்சீட்டு எடுத்தவருக்கு அது கிடையாமற் போகலாம். இலங்கைக் கடவுச்சீட்டோடு விசாவுக்கு விசா வாழும் வளைகுடாத் தொழிலாளிக்கு உண்டு. பட்டியலின் அடிவரிசையில் நிற்கும் எங்கள் கையில் அகதி நண்பர்களிடம் இல்லாத ஓர் ஆயுதம் இருக்கிறது. அதை எடுப்போம்.

அடுத்த மலரைத் தொகுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நிதி தந்தோர் பட்டியலுக்கு எதிர்ப்பக்கத்தில் உங்கள் பிரதேச சபையின் அவ்வருட வரவுசெலவுத் திட்டத்தை அச்சிடுங்கள். எந்த வட்டாரத்துக்கு எவ்வளவு, எவ்வளவு வரி நிலுவை, எத்தனை குறிச்சிகளில் வாய்க்கால் இல்லை என்று போடுங்கள். இரு பக்கங்களையும் ஒன்றாக வைத்து வாசிக்கும் ஒருவர், உபயம் எங்கே போயிற்று, வரி எங்கே போகவில்லை என்று தானே கண்டுகொள்வார். அவ்வாறு ஒரு மலர் வந்தால் அதற்கு இதே பக்கங்களில் முறையான விமர்சனம் எழுத நான் தயார். மறுப்பவர்களும் எழுதட்டும்.